பொது ஷெல் ஃபங்ஷன்களை எந்த டைரக்டரியில் வைப்பது? எங்கள் டீம் முடிவெடுத்த கதை

எங்கள் டீமில் ஆளுக்கொரு பாஷ்ஆர்சி, அதாவது பாஷ் என்கிற ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டுகிற புரோகிராம்) திறக்கும்போது படிக்கிற ஃபைல். லாக் தேட, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குத் தாவ, டெஸ்ட் சர்வருக்கான மாறிகளை ஏற்ற என்று ஒரே ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு) பல வடிவங்களில் சுற்றிக்கொண்டிருந்தது, ஒருவர் திருத்தினால் அடுத்தவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்ததும் எந்த டைரக்டரி என்பதில்தான் வாக்குவாதம் கிளம்பியது.

பலரும் சொன்னது /ஈடிசி/புரொஃபைல்.டி. அதில் ஒரு ஃபைலைப் போட்டால் லாகின் ஷெல், அதாவது உள்நுழையும்போது தொடங்குகிற ஷெல், தானே படித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் டெபியன் என்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் லாகின் ஷெல் மட்டும்தான் படிக்கும். டெஸ்க்டாப்பில் புதிதாகத் திறக்கிற டெர்மினல் பெரும்பாலும் லாகின் ஷெல் இல்லை, அதனால் ஃபங்ஷனும் இருக்காது. ஃபெடோரா என்கிற இன்னொரு டிஸ்ட்ரோவிலோ /ஈடிசி/பாஷ்ஆர்சியும் அந்த ஃபைல்களைப் படிப்பதால் அங்கே ஓடும். போதாததற்கு டெபியனில் எஸ்எச் என்றால் டேஷ் என்கிற வேறொரு சிறிய ஷெல், அது லாகின் ஷெல்லாக ஓடும்போது இதே ஃபைல்களைத்தான் படிக்கிறது, பாஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்புக்குறி உள்ளே இருந்தால் பிழைதான். மாறிகளை வைக்க நல்ல இடம், ஃபங்ஷன்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் 2015இல் வந்த எஃப்எச்எஸ் 3.0ஐ எடுத்துப் பார்த்தோம். லினக்ஸில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிற தரநிலை அது. எந்த சிபியுவுக்கும் பொதுவான, படிக்க மட்டுமே ஆன ஃபைல்களுக்கு ஷேர். டிஸ்ட்ரோ அப்டேட் கை வைக்கக் கூடாதவற்றுக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல். சேர்த்தால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர், அதற்குள் டீம் பெயரில் ஒரு டைரக்டரி. அவரவர் சொந்தச் சரக்குக்கு எக்ஸ்டிஜி என்கிற டெஸ்க்டாப் தரநிலை சொல்கிறபடி ஹோமுக்குள் .லோக்கல்/ஷேர்.

ஃபங்ஷனுக்கு ஒரு ஃபைல், ஃபைல் பெயரே ஃபங்ஷன் பெயர். சிலர் பயன்படுத்தும் இசட்-ஷெல்லில், தேவைப்படும்போது ஃபங்ஷனை ஏற்றுகிற ஆட்டோலோட் எதிர்பார்ப்பது இதைத்தான், டைரக்டரியை எஃப்பாத்தில் (ஃபங்ஷன்களைத் தேடும் டைரக்டரிப் பட்டியல்) சேர்த்து, ஃபங்ஷன் பெயர்களை ஆட்டோலோட் என்று அறிவித்தால் போதும். ஃபிஷ் என்கிற ஷெல்லும் இப்படித்தான், ஆனால் இலக்கணமே வேறு என்பதால் அதற்கு /ஈடிசி/ஃபிஷ்/ஃபங்ஷன்ஸில் தனியாக எழுத வேண்டியிருந்தது. பாஷில் இந்த வசதி இல்லை, எல்லா ஃபைலையும் சோர்ஸ் செய்கிற, அதாவது ஓடும் ஷெல்லுக்குள்ளேயே படித்து ஏற்றுகிற ஒரு லூப் எழுதினோம். வரிசையில்தான் கவனம் வேண்டும்: எஃப்பாத்தில் முதலில் வரும் டைரக்டரி ஜெயிக்கும், பாஷில் கடைசியாகச் சோர்ஸ் ஆனது ஜெயிக்கும். சொந்த டைரக்டரி பொதுவானதை மீற வேண்டுமென்றால் எஃப்பாத்தில் முன்னால், பாஷில் பின்னால்.

நேரத்தைத் தின்றது பெர்மிஷன். யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்று குழுவுக்கு எழுதும் உரிமை கொடுத்திருந்தது, உடனே இசட்-ஷெல் திறக்கும்போதெல்லாம் பாதுகாப்பற்ற டைரக்டரி இருக்கிறது, தொடரட்டுமா என்று கேட்க ஆரம்பித்தது. எரிச்சலாக இருந்தாலும் அது கேட்பது நியாயம். அந்த டைரக்டரியில் எழுத முடிந்தவர் எல்லாருடைய ஷெல்லிலும் தன் கட்டளையை ஓட வைக்கலாம், முழு அதிகாரமுள்ள பயனரான ரூட்டுடைய ஷெல்லிலும்கூட. அந்தச் சோதனையை அணைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. உரிமையாளர் ரூட், பெர்மிஷன் 755 (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்), திருத்தம் எல்லாம் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் வழியாக என்று மாற்றினோம்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் பாஷ்ஆர்சி, புரொஃபைல் எதையும் படிப்பதில்லை, அதனால் இந்த ஏற்பாடு அவற்றுக்கு உதவவே இல்லை. அதைச் சரிசெய்யப் போய்தான் பெரும்பாலானவை ஃபங்ஷனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று புரிந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ஷெல்லையே மாற்றுகிறவை, அதாவது டைரக்டரி மாறுவது, மாறிகளை ஏற்றுவது, இவைதான் ஃபங்ஷனாக இருக்க வேண்டும். மற்றவற்றை சாதாரண ஸ்கிரிப்டாக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் போட்டோம், கிரானில் முழுப் பாதையோடு கூப்பிடுகிறோம். மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் வேலை பாக்கி, ஆப்பிள் சிப் மெஷின்களில் ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) /யூஎஸ்ஆர்/லோக்கலில் இல்லாமல் /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்குள் உட்கார்ந்திருப்பதால் பாதையை ஒரு மாறியில் வைத்துச் சமாளிக்கிறோம்.