லேப்ராஸ்கோபி முடிந்தபின் யூரினுக்கும் தாம்பத்தியத்துக்கும் நான் அலைந்த அலைச்சல்

மலக்குடல் புற்றுநோய்க்கு எனக்குச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. ரேடியேஷன், வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷன், மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக வைக்கும் ஸ்டோமா பை, பிறகு அதை மூடியது எதிலும் குறையில்லை. கட்டி முழுசாக வந்துவிட்டதாகப் பயாப்ஸி ரிப்போர்ட்டும் சொன்னது. இந்த ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஆண்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு.

யூரின் டியூபை எடுத்த அன்றே தொல்லை ஆரம்பித்தது. முட்டிக்கொண்டு வரும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்று டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். அன்று இரவே அடிவயிறு கல்லாகி, வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். மறுபடியும் டியூப். பிறகு பார்த்த ஸ்கேனில், யூரின் போன பின்னும் உள்ளே 300 மி.லி.க்கு மேல் தேங்கியிருந்தது. சில நிமிடத்தில் முடிகிற இந்த ஸ்கேனை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். "யூரின் வருதா?" "வருது" என்பதோடு விடாதீர்கள்.

அடுத்து, யூரின் பிரச்சினைகளைப் பார்க்கும் யூராலஜி பிரிவு. ஓ.பி. சீட்டு போடுகிறவர், பின்னால் அவ்வளவு பேர் நிற்கும்போது, "என்ன பிரச்சினை, சத்தமா சொல்லுங்க" என்றார். சொன்னதும், "கேன்சர் ஆபரேஷன்தானே, அங்கேயே போங்க" என்று திருப்பி அனுப்பினார். அங்கே போனால் ரெஃபரல் லெட்டர் எழுதுகிறவர் கிளம்பிவிட்டார். அந்த நாள் முழுக்க வீண். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே யூராலஜிக்கு எழுதி வாங்கிவிட்டால் கவுண்ட்டரில் வாயைத் திறக்கவே வேண்டாம்.

யூராலஜி டாக்டர்தான் முதன்முதலாக உட்காரவைத்துப் புரியவைத்தார். மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்து எடுக்கிறார்கள். அந்த உறையை ஒட்டியே இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. மேலிருந்து இறங்குபவை விந்து வெளியேறுவதற்கு. முதுகுத்தண்டின் அடியிலிருந்து வருபவை விறைப்புக்கும் சிறுநீர்ப்பை சுருங்குவதற்கும். வயிற்றில் போட்ட துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உள்ளே அந்த நரம்பு இழுபட்டாலோ சூடு பட்டாலோ யூரின், தாம்பத்தியம் இரண்டும் பாதிக்கலாம். ரேடியேஷனுக்கும் இதில் பங்கு உண்டு. இதை ஆபரேஷனுக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

யூரின் சுலபமாகப் போக டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார். நாமே மெல்லிய குழாயைப் போட்டு யூரினை எடுத்துவிட்டுக் கழற்றும் முறையை ஒரு ஆண் நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கேட்கப் பயமாக இருக்கும், பழகிவிடும். மாதங்கள் போகப் போகத் தேக்கம் குறைந்தது. "இனிமேல் குழாய் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விறைப்பு மட்டும் திரும்பவில்லை. சர்ஜனிடம் கேட்டதற்கு, "உயிர் பிழைச்சதே பெரிசு, இந்த வயசுல எதுக்கு?" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐம்பதுகூட ஆகாதவனுக்கு இதுவும் வாழ்க்கைதான். யூராலஜி டாக்டர் ஐந்து கேள்விகள் உள்ள ஒரு படிவத்தைக் கொடுத்து, முன்பு எப்படி இருந்தது என்று கேட்டார். அதற்கு எந்தப் பதிவும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே அந்தப் படிவத்தை நிரப்பி ஃபைலில் வையுங்கள். குழந்தை வேண்டும் என்றால் ரேடியேஷனுக்கு முன்பே விந்தணுவைச் சேமிப்பது பற்றிக் கேளுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்த முறை மனைவியையும் கூட்டிப்போனேன். விலகிப்போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அங்கேதான் தெரிந்தது. நரம்பு தேற ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் சொன்னபோது இருவருக்குமே மூச்சு வந்தது. விறைப்புக்குச் சில்டெனாஃபில் மாத்திரை எழுதினார். வயிறு நிறைய எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். முதல் தடவை பலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு இப்போது ஓரளவு பரவாயில்லை. விந்து மட்டும் வெளியே வருவதில்லை. டாம்சுலோசினாலும் அப்படி ஆகலாம் என்பதால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்துக் கடையில் நேராக வாங்கிப் போடவே போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாம்சுலோசினோடு சேரும்போதும் தலைசுற்றும். என்னென்ன மாத்திரை போடுகிறீர்களோ அத்தனையும் ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.