பரபாஸுக்கும் ஒரு ஜன்னல்

ஒலிவ மலையிலிருந்து எருசலேமைப் பார்க்கும்போது கண்ணில் முதலில் படுவது பொன்னிறக் குவிமாடமும், 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் எழுப்பிய மதிலும்தான். அங்கே நின்று சங்கீதம் 125-ஐ வாசித்தோம். யாத்திரிகர் பாடிய 15 ஆரோகண சங்கீதங்களில் அதுவும் ஒன்று. "பர்வதங்கள் எருசலேமைச் சுற்றிலும் இருக்குமாப்போல்" என்ற வரி அந்த இடத்தில் சட்டென்று விளங்கிவிடுகிறது. தேவாலயம் இருந்த மேட்டைவிட ஒலிவ மலை உயரம். சங்கீதக்காரன் காவலுக்கு மதிலைச் சொல்லவில்லை. மதில் பலமுறை இடிந்தது, கி.பி. 70-இல் ரோமர் தேவாலயத்தையே எரித்தார்கள். மலைகளை யாரும் அசைக்கவில்லை.

அப்புறம் கீழே இறங்கி, சிங்க வாசல் வழியாக, இயேசு சிலுவை சுமந்து நடந்ததாகச் சொல்லப்படும் வியா டோலோரோசா தெருவுக்கு வந்தோம். பிரான்சிஸ்கன் துறவிகளின் வளாகத்தில் சாட்டையடி ஆலயம் இருக்கிறது. 1929-இல் கட்டடக்கலைஞர் பார்லூசி புதுப்பித்தது. சின்ன ஆலயம்தான். குவிமாடத்தின் உட்புறத்தில் முள்முடி. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மூன்று: கைகழுவும் ரோம ஆளுநர் பிலாத்து, அடிபடும் இயேசு, இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கைதி பரபாஸ்.

நான் அதிக நேரம் நின்றது பரபாஸிடம். அவனை நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. கலகம், கொலை என்று சுவிசேஷமே அவன் குற்றத்தைப் பதிவு செய்திருக்கிறது. அவன் திருந்தினானா என்று ஒரு வரிகூட இல்லை. அவன் இடத்தில் வேறொருவர் நின்றார்; அவன் வெளியே போனான். அவ்வளவுதான். பிரசங்கங்களில் அவனைத் திட்டியே கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

பக்கத்து கன்னியர் மடத்தின் அடியில் உள்ள கல்தளத்தையும் பார்த்தோம். பிலாத்து தீர்ப்புச் சொன்ன தளம் இதுவே என்று நெடுங்காலம் நம்பினார்கள். கற்கள் 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அதில் ஏமாற்றமில்லை. தீர்ப்பு அந்தக் கல்லில் இல்லையே.

பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 8-ஆம் அதிகாரம், கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனை) இல்லை என்று தொடங்குகிறது. அதே அதிகாரம் பசி, நாசமோசம் (ஆபத்து), பட்டயம் (வாள்) எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடுக்குகிறது; இவை வராது என்று பவுல் எங்கும் எழுதவில்லை. நம்மில் பலருக்கு நோய் வந்தால் வலியைவிட, "எந்தப் பாவத்துக்கு இது?" என்ற கேள்விதான் பெரிது. தண்டனை ஏற்கெனவே ஒருவர்மேல் விழுந்துவிட்டதென்றால், நோய் நோய்தான். அதற்கு மருந்து சாப்பிடலாம், ஜெபிக்கலாம், பயமில்லாமல் அழவும் செய்யலாம்.