கீவேர்டை எண்ணிப் போடும் வழக்கம்

இணையதளங்களுக்கு எழுதித் தரும் எங்களிடம் வாடிக்கையாளர்கள் அனுப்பும் குறிப்புகளில், கீவேர்ட் டென்சிட்டி, அதாவது தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல் பக்கத்தில் வரும் விகிதம், மூன்று சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயிரம் சொற்கள் கொண்ட பக்கத்தில் ஒரே சொல்லை முப்பது இடங்களில் நுழைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அப்படியொரு உகந்த சதவீதம் கிடையாது என்று கூகுளின் ஸ்பேம் தடுப்புக் குழுவுக்கு அப்போது தலைமை வகித்த மேட் கட்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். குறிப்பு எழுதுபவர்களின் காதுக்குத்தான் அது எட்டவில்லை.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் விற்கும் கடையின் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடுபவர்கள் உண்டு. எனவே பக்கத்தில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்காக எழுதும்போது, "சிறந்த கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வாங்க எங்கள் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் கடைக்கு வாருங்கள், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் விலை இங்கே குறைவு" என்று வாக்கியம் உருக்குலைகிறது. கல் இரண்டா மூன்றா, கொள்ளளவு ஒன்றரை லிட்டரா இரண்டு லிட்டரா, டேபிள் டாப்பா டில்டிங்கா, பெல்ட் அறுந்தால் எங்கே மாற்றுவது என்று வாங்க வருபவர் கேட்கும் எதற்கும் அதில் விடை இல்லை. இவற்றைத் தெளிவாக எழுதினால் மாவு, மோட்டார், உளுந்து, வாரண்டி போன்ற சொற்கள் தாமாகவே வந்து சேரும். பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறிக்கு உணர்த்த அவையும் உதவும்.

திரும்பத் திரும்பச் சொல்வதால் பலன் கூடாது என்பதற்குக் கணக்கும் உண்டு. கூகுள் தன் தரவரிசைச் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. ஆனால் லூசீன், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடல் மென்பொருள்களில் இயல்பாக அமைந்திருக்கும், ஒரு பக்கம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடும் பிஎம்25 சூத்திரம் யாவரும் அறிந்ததே. அதில் வழக்கமான அளவீட்டை வைத்து, சராசரி நீளமுள்ள பக்கத்தில் ஒரு சொல் ஒருமுறை வந்தால் கிடைக்கும் மதிப்பை 1 என்று கொண்டால், இருமுறை வந்தால் 1.375, பத்து முறை வந்தால் ஏறத்தாழ 1.96, நூறு முறை எழுதினாலும் 2.2ஐ எட்டாது. முதல் இரண்டு மூன்று முறைகளிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பியிருந்ததால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைத்தவர்களுக்கு அன்று பலன் கிடைத்தது. பக்கத்தின் நிரலில் வாசகர் கண்ணில் படாமல் கீவேர்டுகளைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட் டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் என்ற கூகுள் தேடல் மாற்றம், கீவேர்ட் திணிப்பு உள்ளிட்ட உத்திகளைக் குறிவைத்தது. பக்கத்தின் அடியில் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று ஊர்ப் பெயர்களை அடுக்குவதும் கூகுளின் ஸ்பேம் விதிகளில் திணிப்புக்கு உதாரணமாகக் காட்டப்படும் வகைதான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. தேடுபவர் "கிரைண்டர் சர்வீஸ் திருப்பூர்" என்று வேற்றுமை உருபில்லாமல் தட்டச்சு செய்கிறார், கீவேர்ட் கருவி அதை அப்படியே தருகிறது, எழுதுபவரும் "நீங்கள் கிரைண்டர் சர்வீஸ் திருப்பூர் தேடுகிறீர்களா?" என்று எழுதிவிடுகிறார். "திருப்பூரில் கிரைண்டரைச் சர்வீஸ் செய்ய" என்று முறையாக எழுதினால், பக்கத்தைச் சோதிக்க இணையதளத்தில் சேர்த்துக்கொள்ளும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பிளக்இன் கீவேர்ட் இல்லை என்று சிவப்புப் புள்ளி காட்டுகிறது. அந்தப் புள்ளியைப் பச்சையாக்குவதற்காக இலக்கணத்தைப் பலியிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உருபில்லாத வடிவம் தலைப்பில் உறுத்தாது; ஆகவே அதை அங்கே ஒருமுறை வைத்துவிட்டு, உள்ளே வாக்கியம் கேட்கும் உருபோடு எழுதுவதே என் வழக்கம்.

திணிப்பைத் தவிர்ப்பதாக எண்ணி, "ஈர அரவை இயந்திரம்" என்று யாரும் சொல்லாத மாற்றுப் பெயர்களைத் தேடுவதும் வேண்டாம். இரண்டாம் முறை "கிரைண்டர்" என்றாலே போதும். பல இடங்களில் "இது" என்பதே போதும்.

எண்ணிக்கையில் பிடிவாதமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் வாதாடுவதைவிட, பக்கம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியைத் திறந்து, எந்தெந்தத் தேடல்களுக்கு அந்தப் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியலை அவர் முன் வைப்பது நல்லது. பக்கத்தில் அதே வடிவில் எங்கும் எழுதப்படாத தொடர்களும் அதில் இருப்பதை அவரே பார்த்துக்கொள்வார்.