எண்ணெய் வற்றிய கார்புரேட்டர்
1967ஆம் ஆண்டு எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சடைத்து, பிறகே பாய்ந்தது. மூன்று வாரமாக பிளக், பாயிண்ட், டைமிங் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். நேற்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரட்டை எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர்களின் தலைமூடியைத் திருகி எடுத்தால், பின்பக்கக் கார்புரேட்டரின் டாம்பர் (அசைவைத் தணிக்கும்) கம்பி உலர்ந்து வருகிறது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை! கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பி, பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துவிடாமல் தடுப்பதே அந்த எண்ணெய்தான். ஊற்றியதும் தயக்கம் போயிற்று.

அடுத்து கலவை. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினேன். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. முன்பக்கக் கார்புரேட்டரில் அணையப் பார்த்தது. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை, அதன் ஆறு பட்டைகளில் ஒரு பட்டையளவு திருப்பிக் கீழே இறக்கினேன். இப்போது பிஸ்டனைத் தூக்கினால் வேகம் சற்றே கூடி உடனே தணிகிறது. என்ன அழகான சத்தம்! இரவு பத்து மணிவரை பானெட்டை மூட மனம் வரவில்லை.