கம்ப்ரஸர் ஆயில்: முதலில் கேஸ், பிறகுதான் நம்பர்

குளிர்பதனக் கம்ப்ரஸருக்கு ஆயில் வாங்க வருபவர்களில் பெரும்பாலானோர் "32 வேண்டுமா, 68 வேண்டுமா?" என்று, ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் நம்பரில்தான் தொடங்குகிறார்கள். வண்டி இன்ஜினுக்கு ஆயில் மாற்றிப் பழகியவர்களுக்கு அது இயல்பான கேள்விதான். ஆனால் நம் தொழிலில் அதை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். உள்ளே ஓடுவது எந்த கேஸ் (குளிரூட்டும் வாயு) என்பது தெரியாமல் நம்பரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இன்ஜினில் ஊற்றிய ஆயில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றுகிறது. குளிர்பதனத்தில் அப்படியல்ல. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் சிறிதளவு ஆயில் கேஸோடு சேர்ந்து டிஸ்சார்ஜ் பைப் வழியாக வெளியேறி, கேஸைத் திரவமாக்கும் கண்டன்ஸரையும் கேபிலரி என்ற மெல்லிய குழாயையும் கடந்து, குளிர்ச்சி உண்டாகும் எவாப்பரேட்டருக்குள் போய்விடுகிறது. அங்கே கேஸ் ஆவியாகிவிடும், ஆயில் ஆவியாகாது. அந்தக் குளிரில் கெட்டியாகும் ஆயிலில் கேஸ் ஓரளவு கரைந்திருந்தால்தான் அது இளகி, சக்‌ஷன் பைப்பில் ஓடும் கேஸின் வேகத்தில் அடித்துக்கொண்டு கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும். கரையாத ஆயிலாக இருந்தால் எவாப்பரேட்டரிலேயே தங்கிவிடும். குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் வறண்டு பேரிங் தேயும். போன ஆயில் திரும்பி வருமா என்பதே ஆயில் தேர்வின் அடிப்படை.

ஆர்-12 என்ற பழைய கேஸ் புழக்கத்தில் இருந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. அது கனிம எண்ணெயோடு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் ஆயிலோடு) நன்றாகக் கலக்கும். ஆர்-22 கேஸும் ஏசி வெப்பநிலையில் அதோடு ஒத்துப்போகும். ஆழ்ந்த குளிரில் பிரியத் தொடங்கும் என்பதால் ஃப்ரீசர் வேலைகளுக்கு ஆல்கைல்பென்சீன் என்ற செயற்கை வகை ஆயிலை விரும்பினார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஆர்-12-க்கு மாற்றாக ஆர்-134ஏ வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஆர்-134ஏ கனிம எண்ணெயோடு கலக்காது. இன்னொரு இழப்பும் கூடவே வந்தது. பழைய கேஸ்களில் இருந்த குளோரின், உராயும் இரும்புப் பரப்பில் மெல்லிய குளோரைடு படலத்தை உண்டாக்கி, ஆயில் குறையும் தருணங்களில் தேய்மானத்தைத் தடுத்துவந்தது. புதிய கேஸ்களில் குளோரினே இல்லாததால், அந்த வேலையையும் ஆயிலே செய்தாக வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு தேவைகளுக்கும் விடையாக வந்ததுதான் பாலியால் எஸ்டர், அதாவது நம் கடைகளில் பி.ஓ.இ. என்று கேட்டு வாங்கும் ஆயில். ஆர்-404ஏ, ஆர்-407சி, ஆர்-410ஏ எல்லாவற்றுக்கும் பொதுவாக அந்த வகைதான். ஆர்-32 ஏசிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை: ஆர்-410ஏ-க்காகச் செய்த பி.ஓ.இ.யில் ஆர்-32 அவ்வளவு எளிதில் கரையாது என்பதால், அதற்கென்றே குறிப்பிட்ட ஆயிலைத்தான் தேட வேண்டும். சில தயாரிப்பாளர்கள் பி.ஓ.இ.க்குப் பதிலாகப் பாலிவினைல் ஈதர் என்ற இன்னொரு செயற்கை ஆயிலைப் போட்டிருப்பார்கள். எனவே லேபிளைப் படிக்காமல் டின்னைத் திறக்கக் கூடாது.

பி.ஓ.இ.யின் பெரிய பலவீனம் ஈரம். காற்றில் உள்ள நீராவியை அது வேகமாக இழுத்துக்கொள்ளும். புதிய டின்னில் பொதுவாகப் பத்து லட்சத்துக்கு 50 பங்குக்குள் இருக்கும் ஈரம், நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தால் வெகு விரைவில் பல மடங்காகிவிடும். எஸ்டர் என்பதே அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டானது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது மீண்டும் அமிலமாக உடையும். அந்த அமிலம் பைப்பின் செம்பை அரித்துக் கொண்டுபோய் கம்ப்ரஸரின் எஃகுப் பாகங்கள்மேல் படியவைக்கும். மோட்டார் காயிலின் வார்னிஷையும் தாக்கும். எரிந்துபோன சீல்டு (முழுக்க மூடி வெல்டு செய்த) கம்ப்ரஸரை அறுத்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய தாங்குபரப்பு செம்பு நிறத்தில் மின்னுவதைப் பல நேரங்களில் காணலாம். "வேக்கும் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பைப்பில் இருக்கும் ஈரத்தை, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்கும் பம்ப் இழுக்கும். ஆயில் உறிஞ்சிக்கொண்ட ஈரத்தை எளிதில் இழுக்காது. அதற்கு, ஈரத்தையும் கசடையும் பிடித்துவைக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போடுவதுதான் வழி. என்னுடைய கருத்தில், ஒரு லிட்டர் தேவைப்படும் வேலைக்கு ஐந்து லிட்டர் கேன் வாங்குவது சிக்கனமே அல்ல. மீதியை மூடி வைத்து அடுத்த மாதம் ஊற்றுவதைவிடக் கொட்டிவிடுவது மலிவு.

பழைய ஆர்-12 மெஷினை ஆர்-134ஏ-க்கு மாற்றும்போது, உள்ளே மிஞ்சும் கனிம எண்ணெய் 5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒருமுறை வடித்து ஊற்றினால் அந்த அளவு வராது. புதிய ஆயிலோடு சில காலம் ஓடவிட்டு, மறுபடி வடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். பி.ஓ.இ. நல்ல கழுவுபொருளும்கூட. பல வருடங்களாகப் பைப்பின் உள்சுவரில் ஒட்டிக் கிடந்த கசடை அது பெயர்த்துக் கொண்டுவந்து கேபிலரியை அடைத்துவிடும். அடைப்புக்கு கேஸைக் குறை சொல்லி மேலும் மேலும் கேஸ் ஏற்றுபவர்கள், டிரையரை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம்.

அம்மோனியாவில் கணக்கே தலைகீழ். ஐஸ் பிளான்ட்டுகளில் ஓடும் அம்மோனியா கனிம எண்ணெயோடு கலப்பதில்லை. ஆனாலும் அங்கே கனிம எண்ணெய்தான் சரி. திரவ அம்மோனியாவைவிட ஆயில் கனமானது என்பதால் அது அடியில் போய்ப் படியும். ஆயில் பாட் என்ற கலத்தின் வழியாக வடித்து எடுத்துவிடலாம். ஆர்-22-இல் ஆயில் மேலே மிதக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். எஸ்டர் ஆயிலை மட்டும் அம்மோனியா பக்கம் கொண்டுபோகவே கூடாது. இரண்டும் வினைபுரிந்து பசைபோன்ற கசடாகும். அம்மோனியாவின் டிஸ்சார்ஜ் சூடு மிக அதிகம் என்பதால், மலிவான ஆயில் வால்வுகளில் கரியாகப் படியும். அதனால் ஹைட்ரஜனேற்றம் செய்து சுத்திகரித்த ஆயிலுக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் பழைய நாஃப்தெனிக் வகைக் கனிம ஆயிலில் ஊறி உப்பியிருந்த ஓ-ரிங்குகள் புது ஆயிலில் சுருங்கிக் கசியும். மாறுவதென்றால் சீல் செட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் நம்பர். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. எண் என்பது 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை. ஆர்-600ஏ போட்ட வீட்டு ஃப்ரிட்ஜ்களில் வி.ஜி. 10-ஐ ஒட்டிய மெல்லிய ஆயில்களைக் காணலாம். ஏசிகளில் 32 முதல் 68 வரை. அம்மோனியாவில் 68 பரவலாக உண்டு. ஸ்க்ரூ கம்ப்ரஸர்களில் 100-க்கு மேலும் போகும். கெட்டியான ஆயில் ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கை தவறு. மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். எவாப்பரேட்டரிலிருந்து ஆயில் திரும்புவதும் கடினமாகும். நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயிலில் கேஸ் கரைந்து அது நீர்த்துப்போவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயில் தேங்கும் அடிப்பகுதியைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டர் இருப்பது அதற்காகத்தான். அதைத் துண்டித்துவிட்டு ஆயில் நுரைக்கிறது என்று புகார் சொல்வது நியாயமில்லை.

கார் ஏசிக்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஆர்-134ஏ கார்களில் பி.ஏ.ஜி. (பாலிஆல்கைலீன் கிளைக்கால்) ஆயில் உண்டு. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரஸர் மோட்டார் உயர் மின்னழுத்தத்தில் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால், மின்காப்பு கெடாத பி.ஓ.இ. போடுகிறார்கள். அழுத்தம் பார்க்கும் கேஜ் ஹோஸிலோ, கேஸை வெளியே எடுக்கும் ரெகவரி மெஷினிலோ ஒட்டியிருக்கும் சிறிதளவு பி.ஏ.ஜி.கூட அங்கே மின்கசிவுக்கு வழி செய்யும். எனவே அந்தக் கார்களுக்குத் தனி ஹோஸ் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய கம்ப்ரஸர் பெரும்பாலும் ஆயில் நிரப்பியே வருகிறது. பழையது உடைந்துபோனதால் மாற்றும்போது, பைப்பிலும் எவாப்பரேட்டரிலும் முந்தைய ஆயில் தங்கியிருக்கும். அதன்மேல் முழு அளவு சேர்ந்தால் ஆயில் மிகுந்துவிடும். பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து எவ்வளவு ஆயில் வெளியே வருகிறது என்று அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து, புதியதிலும் அந்த அளவே இருக்கும்படி குறைத்துக்கொள்வது வழக்கம். வடிந்த ஆயில் கறுத்து, எரிந்த வாடை அடித்தால் மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, முதலில் அமில சோதனை செய்து லைனைக் கழுவ வேண்டும்.