அலமாரியும் தெருவிளக்கும்

சிறுவர் கதையில் ஒரு பொருள் திரும்ப வந்தால் அதன் எடை கூடியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு நான் எப்போதும் இழுப்பது, நார்னியா என்ற மாய உலகைப் பற்றி சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கதைத் தொடரை. 1950இல் வந்த முதல் புத்தகத்தில், கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் நுழையும் சிறுமி லூசி பனிக்காட்டில் போய் நிற்கிறாள். அங்கே ஒரு தெருவிளக்கு! காட்டில் யார் நட்டது? விளக்கமே கிடையாது. என் மகளும் கேட்கவில்லை. எரிகிறதா, சரி.

1955இல் வந்த ‘மந்திரவாதியின் மருமகன்’ பின்கதையைச் சொல்கிறது. லண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து சூனியக்காரி பிய்த்த இரும்புத் துண்டு, அப்போதுதான் பிறந்த நார்னியா மண்ணில் விழுந்து விளக்காக முளைக்கிறது. அலமாரி விஷயம் இன்னும் ஆழம். சாகக் கிடக்கும் அம்மாவுக்கு டிகோரி என்ற சிறுவன் நார்னியாவிலிருந்து ஓர் ஆப்பிள் கொண்டுவருகிறான். அம்மா பிழைத்துவிடுகிறாள். பழத்தின் நடுப்பகுதியைத் தோட்டத்தில் புதைக்க, மரம் வளர்கிறது. பல வருஷம் கழித்துப் புயலில் சாய்ந்த அந்த மரத்தில் செய்ததுதான் அலமாரி. அம்மாவைக் காப்பாற்றிய பழத்தின் வழியாகத்தான் லூசி உள்ளே போயிருக்கிறாள்!

இத்தனைக்கும் முதல் புத்தகம் எழுதியபோது தொடரும் எண்ணம் லூயிஸுக்கு இல்லை. அதனால் என் புதுக் கதையில் வரும் டார்ச்சின் கண்ணாடி ஏன் விரிசல் விட்டிருக்கிறது என்று நானும் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.