மீ.சி.ம கணக்கு எங்கே தப்பாகிப்போகிறது

12-க்கும் 18-க்கும் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) 36 என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். பகாக் காரணிகளாகப் பிரித்து (2²×3, 2×3²), ஒவ்வொன்றிலும் பெரிய அடுக்கை எடுத்துப் பெருக்கினால் 4×9. அவ்வளவுதான். மார்க் போவது கேள்வியைப் படிக்கும் இடத்தில்.

"குழாயில் 4 நாள் விட்டுத் தண்ணீர் வரும், குப்பை வண்டி 2 நாள் விட்டு வரும். இன்று இரண்டும் வந்தன. மறுபடி எப்போது சேர்ந்து வரும்?" அவசரத்தில் 4, 2 என்று எடுத்து 4 நாள் என்று எழுதிவிடுவார்கள். 4 நாள் விட்டு என்றால் வருவது ஐந்தாம் நாள். எடுக்க வேண்டியவை 5, 3. விடை 15 நாள். "4 நாளுக்கு ஒருமுறை" என்று இருந்தால்தான் 4.

அடுத்தது அலகு. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஒருவருக்கு இரண்டரை நிமிடம், இன்னொருவருக்கு 3 நிமிடம். பின்னத்தோடு மல்லுக்கட்டாமல் விநாடியாக்குங்கள்: 150, 180. மீ.சி.ம 900, அதாவது 15 நிமிடம். ஒருவர் 6 சுற்று, மற்றவர் 5 சுற்று முடித்திருப்பார். இரண்டும் முழு எண் என்பதே சரிபார்ப்பு. இது புறப்பட்ட இடத்தில் சேரும் நேரம். எதிரெதிரே ஓடினால் நடுவழியிலேயே பலமுறை சந்திப்பார்கள்.

போட்டித் தேர்வுக்காரர்களுக்குப் பழகிய மணிக் கணக்கு: 2, 4, 6, 8, 10, 12 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் ஆறு மணிகள், சேர்ந்தே அடிக்கத் தொடங்குகின்றன. 30 நிமிடத்தில் எத்தனை முறை சேர்ந்து அடிக்கும்? மீ.சி.ம 120 விநாடி; 1800÷120 = 15. தொடக்கத்தில் அடித்ததையும் சேர்த்தால் 16. தேர்ந்தெடுக்கத் தரும் விடைகளில் 15-ம் கட்டாயம் இருக்கும்!

மீதிக் கணக்கில் மீதிகளை வகுக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டைகளை நாலு நாலாக அடுக்கினால் 3, ஐந்தைந்தாக 4, ஆறாறாக 5 மிச்சம் என்றால் எல்லாவற்றிலும் ஒன்று குறைகிறது. 4, 5, 6-க்கு மீ.சி.ம 60; 60−1 = 59. எல்லாவற்றிலும் 3 மிச்சம் என்றால் 60+3.

பெரியவர்களும் சறுக்குவது புறப்படும் நேரம் வேறுபடும்போது. ஒரு பஸ் 6:00 முதல் 12 நிமிடத்துக்கு ஒன்று, இன்னொன்று 6:06 முதல் 18 நிமிடத்துக்கு ஒன்று. 36-ஐக் கூட்டி 6:36 என்று போட்டால் தப்பு. இரண்டாவது பஸ் வருவது 6:24, 6:42. முதல் சந்திப்பை எழுதிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்: 6:24. அதன்பிறகு 36 நிமிடத்துக்கு ஒருமுறை, 7:00, 7:36.

இரண்டாவது பஸ் 6:05-க்குக் கிளம்பினால்? அது வருவதெல்லாம் ஒற்றைப்படை நிமிடம், முதல் பஸ் இரட்டைப்படை நிமிடம். நாள் முழுக்க நின்றாலும் இரண்டும் சேராது. நேர வித்தியாசம் மீ.பெ.கா-வால் (மீப்பெரு பொதுக் காரணி, இரண்டு இடைவெளிகளையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்; இங்கே 12, 18-க்கு 6) மீதியின்றி வகுபடாவிட்டால் மீ.சி.ம-வைத் தொடவே வேண்டாம்.